கைபிடிக்க வந்தவர்கள்

1987 மார்ச், ஒரு சனிக்கிழமை. ஒரு பஸ் டிக்கெட்டில் சிம்பாப்வே போய் வந்தவள் ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலை பத்தேகாலுக்கு டோர்செட் பார்க்கில் கென்னடி வீதி பஸ் ஏறி, சப்வேக்கு மாறி, பாதர்ஸ்ற் ஸ்ரேசனில் இறங்கும்போது பதினொன்று பத்து. பனி உருகி ரோட்டெல்லாம் சேறு. சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தேன்.

வெளிக்கிடும்போதே வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். அப்போது நான் இருந்தது என் கணவரின் தங்கையோடு.

"உந்தக் குளிருக்குள்ளை கல்லுப் பாக்கவோ போறியள், மச்சாள்?"

"மூண்டு மணிக்குள்ளை வந்திடுவன். நீங்கள் ஃபோனடியிலை இருங்கோ."

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வெளியே போவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து என் கணவரை இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்கள் நம்பர் ஊரில் தெரிந்த எல்லாரிடமும் இருந்தது. ஃபோன் அடிக்கும்போது எடுக்க ஆள் வேண்டுமென்று முறை வைத்து வீட்டில் இருந்தோம்.

சிம்பாப்வேக் கற்சிலைக் கண்காட்சி ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். நுழைவு இரண்டு டொலர். வாசலில் ரூடோ நின்றாள். கோட்டுத் தைக்கும் ஃபக்ரறியில் என் பக்கத்து மெஷின்காரி, சிம்பாப்வேயில் பிறந்தவள். நாங்கள் பேசுவது எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில். அதில்தான் இவரைக் கொண்டுபோன கதையையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

மேசைகளில் மெழுகு பூசி மினுக்கிய கருங்கல் முகங்கள். ஒவ்வொன்றிலும் பாதிக் கல் செதுக்காமல் கிடந்தது. வேலையை முடிக்கப் பஞ்சிப்பட்டு அரைவாசியில் விட்டார்களா என்று கேட்டேன்.

"கல்லுக்குள் இருப்பவர் எவ்வளவு வெளியே வர விரும்புகிறாரோ, அவ்வளவுதான் செதுக்குவார்கள்" என்றாள்.

பிறகு ஒருவர் 'ம்பீரா' வாசித்தார். பலகையில் வரிசையாக இரும்பு நாக்குகள். அதைப் பெரிய சுரைக்குடுவைக்குள் வைத்துப் பெருவிரல்களால் தட்டுகிறார். குடுவையில் கட்டிய சோடா மூடிகள் கிர்ரென்று அதிர்கின்றன. இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் இசையாம். எனக்கு நித்திரைதான் வந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வெள்ளைச் சோளமாக் களியும் கீரையும். கனடா வந்து வெளியிடத்தில் கூச்சமில்லாமல் கையால் சாப்பிட்டது அன்றுதான்.

கை கழுவி வந்து இருந்தேன். ஒரு பெண் முன்னால் வந்து, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு ஆண்கள். பதினொரு பேர். நல்ல மரியாதைக்காரர்கள் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து எல்லாருக்கும் தாங்க்ஸ் சொன்னேன். ஒருவரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

"விருந்தாளிக்கு இப்படித்தான் செய்வீர்களா?" என்று ரூடோவைக் கேட்டேன்.

"இல்லை. சாவு வீட்டில் செய்வது. உன் கணவருக்காக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் செத்துப்போனார் என்று நான் சொன்னேனா?"

"சொல்லவில்லை. என் தம்பியும் எங்கள் போரில் போனவன். உடல் வரவில்லை. இரண்டு வருஷம் அம்மா அழவில்லை. ஊரார் வந்து கையைப் பிடித்த அன்றுதான் அழுதார். உன்னைக் கேட்காமல் செய்தது என் பிழை."

கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

காசில் ஃபிராங்க் ஸ்ரேசன் தாண்டி ரயில் பாலத்துக்கு மேலே வந்தபோது அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. எதிர் சீற்றுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வீடு. மச்சாள் ஃபோனடியில்தான் இருந்தாள்.

"ஒருத்தரும் ஃபோன் அடிக்கேல்லை. என்ன பாத்தனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சீறி விழுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "எப்பிடிப் பிடிச்சவை?"

"இப்பிடி."

காட்டுவதற்காகத்தான் அவளுடைய வலது கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தேன். காட்டி முடிந்தும் நான் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

"அண்ணை இனி வரமாட்டார், என்ன மச்சாள்?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் காலை கோயிலுக்கு இரண்டு பேரும் ஒன்றாக வெளிக்கிட்டோம். கதவைப் பூட்டிவிட்டு அதிலேயே நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. லிஃப்ற் வந்தது. ஏறினோம்.