கண்ணாடி அலமாரி

ஒரு புத்தக அலமாரியைப் பார்த்து மயங்கி, எட்டு வயது மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்தவன் நான். இதை வெளியில் சொல்ல இரண்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

நாமக்கல்லில் டயர் கடை வைத்திருக்கிறேன். மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட வரும் பழைய லாரி டயரை நான் லேசில் ஏற்றுக்கொள்வதில்லை. உள்ளே கைவிட்டுத் தடவி, டார்ச் அடித்து, எங்கேயாவது நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு இன்னொரு தடவை தடவுவேன். மகனைக் கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு அந்த மரியாதையைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் வகுப்பிலேயே பையனை விடுதியில் போட்டால்தான் பின்னால் டாக்டர் சீட்டுக்கு ஆகும் என்பது கடைக்கு வரும் லாரி ஓனர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. நாலு புத்தகம் படித்தவன் என்பதால் அதையே நான் கொஞ்சம் அழகான வாக்கியத்தில் நம்பினேன்.

பள்ளி ராசிபுரம் தாண்டி. பிரின்சிபால் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. ருஷ்ய நாவல்கள், கிரேக்க நாடகங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே நிற அட்டை. அப்படி ஒரே உயரத்தில் நிற்கும் புத்தகங்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். ஆனால் பிரின்சிபால், “சார் நெறையப் படிப்பீங்க போல” என்றார். அவ்வளவுதான். கால் மணி நேரம் ருஷ்யர்களைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். டயர் விற்கும்போது நானும் அப்படித்தான் தலையாட்டுவேன்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, பசங்க பாத்ரூமை ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாமுங்களா?”

“இப்பக் கழுவிட்டு இருக்காங்கம்மா” என்றார் பிரின்சிபால்.

“ஈரமா இருந்தாப் பரவால்லைங்க.”

“சும்மா இரு புள்ள” என்றேன். “பேசற எடத்துல வந்து கக்கூசைப் பத்திக் கேட்டுக்கிட்டு.”

பிரின்சிபால் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் பையனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, தூக்குப்போசியைத் திறந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள். முதல் ஞாயிறு எங்கள் பையன் கறிச்சோறு தின்றான், தண்ணீர் வேண்டாம் என்றான். அடுத்த மாதம் என் மனைவி டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

“குடி சாமி, வெயிலு.”

உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் அந்த அலமாரியிலிருந்து ஏதாவது படித்தானா என்று விசாரித்தேன்.

“அது ஆபீஸ் ரூம்ப்பா” என்றான்.

மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் பள்ளியிலிருந்து போன். காய்ச்சல், குளிர். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா அவனிடம் கேட்டார், “ஒரு நாளைக்கு எத்தனை தடவை தம்பி ஒண்ணுக்குப் போவே?”

“காலைல எல்லாருக்கும் முன்னாடி ஒருக்கா. அப்பறம் எல்லாரும் தூங்குன பொறகு.”

“நடுவுல?”

“கதவுல தாழ்ப்பா இல்லீங்க. பெரிய பசங்க தள்ளித் தொறந்துட்டுச் சிரிப்பாங்க. தண்ணி குடிக்கலீன்னா வராதுங்க.”

வகுப்பில் எழுந்து நின்று சரியான விடை சொல்வதுபோலச் சொன்னான். தானே கண்டுபிடித்த வழி. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. ஒன்பது நாள் ஊசியும் டிரிப்பும். காய்ச்சல் விட்டது, ஆனால் ஒரு பக்கம் தழும்பு நின்றுவிட்டது, வருடா வருடம் காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். எனக்குப் பேச்சு நன்றாக வரும்.

அவனுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துவரப் போன அன்றுதான் அந்த பாத்ரூமைப் பார்த்தேன். வரிசையாக ஆறு கதவுகள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஸ்குரூ ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துத் தடவினேன். தொழில் பழக்கம்.

“உள்ள பூட்டிட்டு உக்காந்துக்கறானுங்க சார், ஸ்டடிக்கு வர்றதில்ல” என்றார் கூட வந்த வார்டன். “அதனால நாங்கதான் கழட்டிட்டோம்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் நாமக்கல்லிலேயே, வீட்டிலிருந்து போய்வரும் பள்ளி ஒன்றைப் பார்க்கக் கிளம்பினோம். பையன் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நானும் வருகிறேன் என்று சட்டையைப் போட்டேன்.

“வாங்க” என்றாள் மனைவி. “ஆனா நீங்க வண்டியிலயே உக்காந்துக்கங்க. படிக்கறதுக்கு ஏதாச்சும் எடுத்துக்கங்க.”