மருத்துவர் வந்த நாள்

அறுபதுகளின் பிற்பாதியில் ஆவடிக்கு மேற்கே ஓர் உயர்தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சோதிக்க அரசு மருத்துவர் வருவார். அதற்கு முந்தைய நாள் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. சீழ் வடியும் காது, சிரங்கு, விடாத இருமல் உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து, நாளை உங்களுக்கு விடுமுறை என்று சொல்லிவிட வேண்டும். நோயாளிகள் மிகுந்தால் மருத்துவர் குறிப்பேட்டில் எழுதுவார். எழுதினால் மேலிடம் தலைமையாசிரியரைக் கேள்வி கேட்கும்.

முதல் ஆண்டில் நான் தயங்கியபோது தலைமையாசிரியர் சிரித்தார்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ஊட்டக் கழுவி உடமாட்டியா? அதான்யா இதுவும்."

பெயர்களைப் படித்தேன். மற்றவர்கள் மகிழ்ந்து ஓடினர். இருமலுக்கு நடுவிலும் செய்யுளைப் பிழையற ஒப்பிக்கும் ஆறாம் வகுப்புச் சிறுமி மட்டும் நின்றாள்.

"டாக்டரு வராருன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேனே சார்."

மறுநாள் அவளைத் தாய் அழைத்து வந்துவிட்டாள். நெமிலிச்சேரிப் பக்கம் சூளையில் செங்கல் சுமப்பவள். அன்றைய வேலையை விட்டு வந்திருந்தாள். வாயிலிலேயே மறித்தேன்.

"இன்னா சார், லீவாமே? உள்ள புள்ளைங்க சத்தம் கேக்குதே! ராவெல்லாம் இருமிகினே கீது சார். டாக்டராண்ட ஒருவாட்டி காட்டிட்டுப் போய்டறேன்."

"இன்னிக்குக் கூட்டம் அதிகம்மா. நாளைக்கு வாங்க."

அவ்வளவு எளிதாக வந்தது பொய். "படிச்சவரு சொன்னா சரிதான்" என்று அவள் திரும்பினாள். மகள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மருத்துவர் பதினொரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார். பிள்ளைகள் நலமாயிருப்பதாக எழுதி ஒப்பமிட்டார். காப்பி அருந்திவிட்டு, "நேரம் இருக்கு. வேற யாராச்சும் உண்டா?" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

அடுத்த நாள் மணியடிக்குமுன்பே இருவரும் வந்து நின்றார்கள். மகளுக்குத் தலைவாரிப் பூச்சூட்டியிருந்தாள். மருத்துவர் நேற்றே வந்து போய்விட்டார் என்றேன். வசவை எதிர்பார்த்தேன், அதைப் பெற்றிருந்தால் இத்தனை ஆண்டுகள் இது என்னை அரித்திராது.

"அடுத்த வருசம் வருவாருல்ல சார்?" என்று மட்டுமே தாய் கேட்டாள்.

வந்தார். அதற்குள் அச்சிறுமி காசநோய் முற்றி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவ்வாண்டும், முந்தைய நாள், வகுப்பில் நின்று பெயர்களைப் படித்தவன் நான்தான்.