ஃபோல்கேயின் எஞ்சின்

ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார் ஃபோல்கே. "இவளுக்குச் சளி பிடிச்சிருக்கு," என்கிறார்.

வடகோடிக் குளிர்நாட்டின் போஹுஸ்லான் கடற்கரையில் அக்டோபர் வந்தால் படகுகளைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். கோடை முழுவதும் கடல்நீரையே இழுத்துக் குளிர்ந்துகொண்ட டீசல் எஞ்சின்கள் அவை. அந்த நீர் உள்ளே தங்கி உறைந்தால் இரும்பு பிளந்துபோகும்; அதைத் தடுக்க, உறையாத ரோஸ் நிற மருந்தை எஞ்சினுக்குள் ஓடவிட வேண்டும். அதனால் படகு கிளப்பில் யாருடைய பாய்மரப் படகு என்றாலும் ஃபோல்கேயைத்தான் கூப்பிடுவார்கள். எழுபத்திரண்டு வயதில், ஏணியில் ஏறும்போதே திட்டத் தொடங்கிவிடுவார்.

"பின்னாடி ரோஸ் தண்ணி வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறான் பாரு! மொதல்ல சூடு பண்ணுடா மடையா. சூடேறினாத்தான் உள்கதவு திறக்கும். இல்லேன்னா மருந்து வாசலோட போயிரும்."

இன்று சொந்தப் படகு. வாளியிலிருந்த உறையாத மருந்தை எஞ்சின் உறிஞ்சியது. புகைக்குழாயில் ரோஸ் நிறம் கொட்டியது. "முடிஞ்சுது," என்று அணைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. மனைவி குன்வோர் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

தங்கையின் பெயர், பற்றவைத்த அடுப்பு, வீடு திரும்பும் பேருந்து என்று வசந்தத்திலிருந்தே ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்தார். எஞ்சின் வேலையாவது மிஞ்சியிருக்கிறதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் போய்விட்டது. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

"நீ கிளப்புக்குப் போய்ப் பட்டாணி சூப் குடி. நான் எண்ணெயைத் தொடைச்சிட்டு வரேன்," என்றாள்.

"உனக்குத் தொடைக்கத் தெரியுமா?"

"நாப்பது வருஷமா நீ ஒழுக்கின எண்ணெயெல்லாம் யார் தொடைச்சா? போ."

அவர் தலை மறைந்ததும், எஞ்சின் நீரை உறிஞ்சும் ரப்பர் குழாயை இழுத்து வாளியில் போட்டாள். நல்ல தண்ணீரில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டாள். சூடேறிய பிறகு மருந்தை ஊற்றினாள். சட்டைக் கை நனைந்து, விரல்கள் மரத்துப்போயின.

கடைசி வாளி வற்றும்போது ஏணி அசைந்தது. ஃபோல்கே எட்டிப் பார்த்தார். ஓடும் எஞ்சினைப் பார்த்தார், அவளுடைய ஈரக் கைகளைப் பார்த்தார்.

"நான் சூடு பண்ணலையா?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை.

"இல்ல, ஃபோல்கே."

உள்ளே இறங்கி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். குளிர்காலம் முழுவதும் அவருடைய கோட்டுப் பையில் கிடக்கும் சாவி அது, யாரிடமும் கொடுத்ததில்லை. அதை உருவினார். குன்வோரின் கையைப் பிடித்து விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.