பந்து இல்லாத இடம்

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடத்தில் எங்கள் கரையில் உதைபந்து மறுபடி சூடுபிடித்தது. பெரிய ஆட்டம் என்றால் நடுவர் நான்தான். பந்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் ஒருவன் தாடையை உடைத்தது.

மாம்புரிக்குப் பக்கத்து மைதானம். பந்து கோல் பக்கம் பறந்தது, நானும் பின்னால் ஓடினேன். என் முதுகுக்குப் பின்னே, தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிரணிக்காரனின் தாடையில் முழங்கையை இறக்கினான். நான் திரும்பியபோது அடிபட்டவன் மணலில் பல்லைத் துப்பிக்கொண்டிருந்தான். பார்க்காத குற்றத்துக்கு அட்டை காட்ட முடியாது. ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். முடிந்ததும் அவன் ஊர்க்காரர் கொடிக்கம்பைப் பிடுங்கி என்னை அடித்தார்கள். விலா எலும்பு ஒன்று உடைந்தது. எனக்கு வேண்டியதுதான்.

அடிபட்டவன் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவன். தாடை கோணலாகப் பொருந்தியதால் காற்றுக் குழாயின் றப்பரைக் கவ்வ முடியவில்லை. அதோடு அவன் தொழில் போனது. அவன் வீட்டுப் பக்கம் போகவே எனக்கு வெட்கம்.

விலா ஆறியதும் கரப்பந்துக்கு நடுவராகப் போனேன். வலையோரம் நிற்கும் இரண்டாம் நடுவர் பந்தைப் பார்க்கக் கூடாது. வலையையும் நடுக்கோட்டையும்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் பந்தோடு என் தலையும் போய்ப் போய் வந்தது.

"பந்தைப் பாக்கச் சனம் இருக்கு. நீ எதுக்கு நிக்கிற?" என்று முதல் நடுவர் எல்லார் முன்னும் ஏசினார்.

பிறகு கபடி. அங்கே பாடி வருகிறவனின் வாயை விட்டுக் காலைப் பார்க்கப் பழகினேன். பாயப்போகிறவன் முதலில் காலைத்தான் ஊன்றுகிறான்.

அடுத்த வருடம் மறுபடி உதைபந்துக்கு நடுவரானேன், அதே இரண்டு அணிகள். சுழியோடியும் விளையாடினான், அவன் தாடையை உடைத்தவனும் விளையாடினான். பந்து மூலைக்குப் போனது. என் கண் போகவில்லை. நடுமைதானத்தில் ஒரு கால் அழுந்த ஊன்றியது. சுழியோடி நெற்றியால் மற்றவன் மூக்கில் இடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவன் முகத்தில் ஓர் உதையும் விட்டான். நான் விசிலை ஊதினேன்.

கோணல் வாயோடு என்னைப் பார்த்தான்.

"இது மட்டும் எப்படி அண்ண தெரிஞ்சது?"

அவனால்தான் பழகினேன். சிவப்பு அட்டையை அவன் முகத்துக்கு நேரே உயர்த்தினேன். அவன் ஊர்க்காரர் எறிந்த முதல் கல் என் காதைக் கிழித்தது. அவன் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை கையை இறக்கவில்லை.