விதைக்கு விட்ட அவரை குழம்பான கதை

எங்கள் வீட்டு அவரைப் பந்தலில் நல்ல காய்களாகப் பார்த்து, பறிக்காமல் விதைக்கு விட்டிருந்தேன். யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.

இன்று பள்ளி விட்டு வந்து பார்த்தால் பந்தலில் ஒரு நூலும் இல்லை, காயும் இல்லை. அடுப்படியில் குழம்பு வாசம்.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் சித்தப்பாதான் இன்று சமையல்.

"சித்தப்பா, நூல் கட்டுன காயெல்லாம் எங்க?"

"கொழம்புல. நல்லா முத்திக் கெடந்துச்சு, யாரும் பாக்கல போல."

"அது விதைக்கு விட்டது. அதுக்குத்தானே நூல் கட்டுனேன்."

"திருஷ்டிக்குக் கட்டுனதுன்னுல்ல நெனச்சேன். நூலை ஒண்ணும் பண்ணல தாயி, பத்திரமா அவுத்து சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன்."

அம்மா எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். "கொழம்பு நல்லாத்தான் இருக்கு, தட்டை எடு" என்கிறார்.

நன்றாகத்தான் இருக்கும். பந்தலிலேயே சிறந்த காய்கள் அல்லவா அவை. சுமாரான காய்களை எல்லாம் முன்பே தின்று தீர்த்துவிட்டோம்.

வரும் ஆடியில் ஊன்ற ஒரு விதைகூட மிச்சமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் யாரிடமாவது கொடி அவரை விதை இருந்தால் சொல்லுங்கள். கட்டுவதற்கு நூல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.