புளிச்சோற்றில் கிடந்த கரித்துண்டு

நல்லெண்ணெயும் வறுத்த மிளகாயும் கலந்த வாசம் மாட்டுவண்டிக்குள் நிறைந்திருக்க, வில்லாபுரத்திலிருந்து அழகர்கோவில் வரை, பித்தளைத் தூக்குவாளியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத்துணியையே பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தேன். அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டிருந்தது, யுத்தம் முடியவில்லை, எனக்கு இன்னும் காது குத்தவில்லை. இவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, அது நாற்பத்து நான்காம் வருடத்து ஆடி என்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்றுதான் எனக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்களில் யாருக்கும் காது குத்துவதில்லை. அதற்காக மாமாவும் அத்தையும் டி. கல்லுப்பட்டியிலிருந்து முந்தைய நாளே "கரி பஸ்"ஸில் வந்திருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் உருளை அடுப்பு ஒன்றை மாட்டி, கரியைப் போட்டு எரித்து ஓட்டுவார்கள். வாளியில் இருந்தது அத்தை ஊரிலேயே கிளறிக்கொண்டு வந்த புளிச்சோறு. காது குத்தி, கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டும்வரை கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் ஆகாது என்று வீடே விரதம் இருந்தது.

கோவில் மரத்தடியில் துணியை அவிழ்த்தவர் பெரியம்மா, அதாவது என் அப்பாவுக்கு அண்ணன் மனைவி. உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்தே வாங்குகிறவர். சோற்றின் மேல் ஒரு கரித்துண்டு கிடந்தது.

கறிச்சோறு வழியில் போனால் "காத்து கருப்பு" கூடவே வரும் என்று மேலே கரித்துண்டு போட்டு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். புளிச்சோற்றுக்கு யாரும் போடுவதில்லை.

"ஏண்டி, புளிச்சோத்துக்கு எதுக்குடி கரி? அடியில என்னத்தப் பொதச்சு வச்சிருக்க?"

அத்தை குனிந்து, அவிழ்த்த துணியை மடிக்க ஆரம்பித்தார். அது எனக்கே சரியாகப் படவில்லை.

மாமா சிரித்தார். "கரி பஸ்ல வந்தா கரி விழாம, மல்லியப்பூவா விழும், அக்கா?"

"துணி கட்டுன வாளிக்குள்ளயா தம்பி விழுந்துச்சு?"

சிரிப்பு நின்றது. "எம் பொண்டாட்டி விரதத்தக் கெடுக்க வந்தான்னு சொல்றீக. அப்ப நாங்க வாரோம்" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். என் கம்மல்கள் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தன. ஊசியைத் தீட்டி வைத்திருந்த ஆசாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மாமா போய்விட்டால் மடி இல்லை. மடி இல்லாவிட்டால் கம்மலும் இல்லை.

எல்லாரும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மலைக்குரங்குகள் இறங்கின. பெரியது ஒன்று வாளியைக் கவிழ்த்தது. அடிச்சோறு வரை மண்ணில் சிதறியது. முதலில் குனிந்து பார்த்தவர் பெரியம்மாதான். நிலக்கடலை, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, வேறெதுவும் இல்லை. குரங்குகள் கரித்துண்டை மட்டும் விட்டுவிட்டுப் போயின.

"உக்காருங்க தம்பி, நேரம் போகுது" என்றார் பெரியம்மா, மாமாவின் முகத்தைப் பார்க்காமல். மாமா உட்கார்ந்தார். எனக்குக் காது குத்தினார்கள். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

பிறகு என் காதில் எண்ணெய் தடவியபோது அத்தை மெதுவாகச் சொன்னார்: "ரேஷன் காலத்துல இம்புட்டுச் சோறு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு உங்க பெரியம்மா கண்ணு வச்சிருவாகன்னுதான் கரியப் போட்டேன். அத அவுக மொகத்துக்கு நேரா எப்பிடித்தா சொல்ல?"

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை தேங்காயும் பழமும்தான் கொண்டுவந்தார். சமைத்த பண்டம் எதையும் கொண்டுவந்ததில்லை.

போன ஆடியில் பேத்தியின் காதுகுத்துக்குக் காரில் போனோம். வண்டிப்பாதை இல்லை, கரி பஸ் இல்லை. கேஸ் அடுப்பு வைத்த எங்கள் வீட்டில் தேடினாலும் ஒரு கரித்துண்டு கிடைக்காது. புளிச்சோறு கடையிலிருந்து டப்பாக்களில் வந்தது. யாரும் பார்க்காதபோது ஒன்றைத் திறந்து, அடிவரை கிளறிப் பார்த்தேன். பிறகு ஒரு வாய் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அத்தையின் புளிச்சோறு இதைவிட நன்றாக இருந்திருக்குமா என்று எப்படிச் சொல்வேன்? அன்று அதில் ஒரு வாய்கூட எனக்குக் கிடைக்கவில்லை.