பல்லுக்குள் ஆளில்லை

போன வாரம் என் மச்சான் செல்வத்துக்குக் கடைவாய்ப் பல்வலி. மனைவியின் தம்பி, பாபநாசம் பக்கம் சம்பா சாகுபடி. "டாக்டரைப் பாருடா" என்றால் கேட்பானா? "அறுப்பு மிஷின் நம்ம முறை வருது மாமா. விட்டா பக்கத்து வயலுக்குப் போயிடும்... வானம் வேற மூடிக்கிட்டு நிக்குது."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வரப்பில் அலைந்தான். சோறு இறங்கவில்லை.

மிஷின் வயலில் இறங்கிய மதியம் போன் செய்தான். ஒரே சிரிப்பு! "வலி சுத்தமா போயிடுச்சு மாமா. கஞ்சாவுக்குன்னே பல்லுக்குள்ள இடம் இருக்காம்ல? வீடியோவுல பார்த்தேன். நம்ம உடம்பே அந்த மாதிரி ஒண்ணைச் சுரந்து வலியை அமுக்கிடுமாம்!"

மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். தாடைக்குக் கீழே வீக்கம். அதை விரலால் அழுத்திக் காட்டிச் சிரிக்கிறான். வலியில் முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்... வலிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பவனை?

நானும் மனைவியும் அவனைக் காரில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டு போனோம். பல் டாக்டர் ஒரு பெண். ஐஸ் போலக் குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்து எடுத்தார். செல்வம் வாயை மூடவே இல்லை.

"வைங்க மேடம்" என்றான்.

"வச்சு எடுத்துட்டேங்க."



வீடியோ கதையைச் சொன்னேன். டாக்டர் மறுக்கவில்லை. "உண்மைதாங்க. பல் நரம்புல கன்னாபினாய்ட் ரிசெப்டர், அதாவது கஞ்சாச் சத்து போய் ஒட்டுற இடம், இருக்கு. உடம்பு சுரக்கிறது அதுல போய் ஒட்டுனா வலி குறையலாம். அதை வச்சு மருந்து செய்ய முடியுமான்னு ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா, நரம்பு உயிரோட இருக்கணுமே? இங்க வலி அடங்கலைங்க... வலிக்கிறதுக்கு உள்ள ஆளில்லை."

செத்துப்போன ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு மனுஷன் சிரித்திருக்கிறான்! நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சீழ் தாடையில் இறங்கத் தொடங்கிவிட்டது. தொண்டைப் பக்கம் பரவினால் மூச்சே அடைத்துவிடுமாம்.

"பக்கத்துப் பல்லையும் பார்த்துடுவோம். அதுவும் போயிருந்தா இங்க வச்சுக்க முடியாது, தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும்" என்று இன்னொரு பஞ்சை எடுத்தார்.

வைத்தார். சத்தமில்லை. மனைவி என் கையை இறுக்கினாள்...

"ஐயோ... அம்மா!"

நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டான். மனைவிக்குக் கண்ணீர் கொட்டியது. "கத்துறான்ங்க... நல்லா கத்துறான்!"

தம்பி வலியில் அலறியதற்காகக் கும்பகோணத்துச் சாமிகள் அத்தனை பேருக்கும் அர்ச்சனை நேர்ந்துகொண்ட அக்காவை அன்றுதான் பார்த்தேன்!